கட்டி ஒன்று, கருவி இரண்டு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த வடிவம். திரையில் படங்களைக் காட்டி விளக்கிய பகுதிகள் விடப்பட்டுள்ளன.)



தமிழில் பேச வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை என்றார்கள் அறக்கட்டளையினர். தலைப்பை என் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, புற்றுநோய் மருத்துவமனைகளில் அன்றாடம் எழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சிகிச்சை தொடங்குமுன் நோயாளி ஓர் ஊரில் பெட்-சி.டி. ஸ்கேன் எடுத்திருப்பார். சில சுற்று மருந்து ஏறிய பிறகு வேறு ஊரில், வேறு கருவியில் மறுபடி எடுப்பார். அது பெட்-எம்.ஆர். கருவியாகவும் இருக்கலாம். முதல் அறிக்கையில், கட்டியின் பிரகாசத்தைக் குறிக்கும் எஸ்.யூ.வி. மதிப்பு 10 என்று இருக்கிறது, இரண்டாவதில் 7.4 என்று இருக்கிறது என்று வையுங்கள். “கொறஞ்சிருக்குல்ல டாக்டர்?” என்று மகனோ மகளோ கேட்பார்கள். கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறதே என்று நமக்கும் சொல்லத் தோன்றும். அந்தக் குறைவில் கட்டியின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்-சி.டி., பெட்-எம்.ஆர். போன்ற இரண்டு கலப்புக் கருவிகள் தரும் எண்கள், பல நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒன்றையொன்று அழகாகப் பின்தொடரக்கூடும். அதனாலேயே ஒரு தனி நோயாளியின் ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணைக் கழித்து, “நோய் இவ்வளவு குறைந்தது” என்று சொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது. கருவிகளை ஒப்பிடும் ஆய்வுகளில் பல, முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதையும் நிரூபித்ததாக எண்ணிக்கொள்கின்றன. இதை ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பேசுகிறேன்.

1. எண் எங்கே பிறக்கிறது

பெட் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் செலுத்தப்படுவது எஃப்.டி.ஜி. என்ற மருந்து. குளுக்கோஸ் மூலக்கூறில் ஓரிடத்தில் கதிரியக்க ஃபுளோரின்-18 அணுவைப் பொருத்திச் செய்தது. 1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, பிலடெல்பியாவுக்கு விமானத்தில் அனுப்பி, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் புற்றுச் செல்கள் இதையும் சர்க்கரை என்றே உள்ளே இழுக்கின்றன. ஹெக்ஸோகைனேஸ் என்னும் நொதி அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அதற்கு மேல் வழக்கமான பாதையில் போக முடியாமல் மருந்து செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இப்படிச் சிக்கும் மருந்து மணிக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும் என்பதை நினைவில் வையுங்கள், நான்காவது கூறில் தேவைப்படும்.

எஸ்.யூ.வி. கணக்கு எளியது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 300 மெகா பெக்கரல் செலுத்துகிறோம். அது உடலெங்கும் சீராகப் பரவினால் கிராமுக்கு 5 கிலோ பெக்கரல் இருக்கும். கட்டியில் மில்லிலிட்டருக்கு 40 கிலோ பெக்கரல் இருப்பதாகக் கருவி காட்டுகிறது. 40ஐ 5ஆல் வகுத்தால் 8. அதாவது, சராசரியைப்போல் எட்டு மடங்கு மருந்து அங்கே குவிந்திருக்கிறது.

இந்த வகுத்தலில் மேலே இருப்பது மட்டுமே கருவி தந்தது. கீழே இருப்பது சிரிஞ்சும் எடை எந்திரமும் கடிகாரமும் தந்தவை. ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஊசி போடும் அறையின் கடிகாரமும் ஸ்கேன் கருவியின் கடிகாரமும் 10 நிமிடம் மாறி ஓடினால் எண்ணில் 6 சதவீதம் பிசகும். நோயாளியை நிறுக்காமல் “எடை என்னம்மா?” என்று கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. கீமோதெரபியில் இளைத்துப்போனவர் தன் பழைய எடையைச் சொல்வார். சிரிஞ்சில் தங்கிய மிச்சத்தை அளக்காமல் விடுவது, மருந்து ரத்தநாளத்துக்கு வெளியே கசிந்ததைக் கவனிக்காமல் விடுவது என்று பட்டியல் நீளும். 1995இல் ஜான் கீஸ் என்ற அறிஞர், எஸ்.யூ.வி. என்ற மூன்றெழுத்துக்கு ‘அசட்டு உதவாக்கரை மதிப்பு’ என்று விரிவு கொடுக்கலாமா என்று கேலியாகத் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். முப்பது ஆண்டுகளாகியும் அந்தக் கேலி பழசாகவில்லை.

2. அளந்தது கொஞ்சம், திருத்தியது அதிகம்

மருந்திலிருந்து வெளிவரும் பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து அழியும்போது, 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசைகளில் கிளம்புகின்றன. இரண்டும் கருவியில் பிடிபட்டால்தான் அந்த நிகழ்வு கணக்கில் சேரும். ஆனால் வழியில் உடல் இருக்கிறது. ஏறத்தாழ 7 செ.மீ. நீரைக் கடப்பதற்குள் இந்த ஃபோட்டான்களில் பாதி விலகிவிடும். 30 செ.மீ. தடிமனுள்ள வயிற்றுப் பகுதியில், ஒரு ஜோடி சேதமில்லாமல் வெளியே வரும் வாய்ப்பு சுமார் 18இல் ஒன்று. மீதமுள்ள 17ஐக் கணக்குப் போட்டுத்தான் சேர்க்கிறோம். அறிக்கையில் புள்ளி வைத்து அச்சாகும் அந்த எண்ணின் பெரும்பகுதி இந்தத் திருத்தத்தில் பிறந்தது. இயற்பியல் மாணவர்கள் இங்கே நிமிர்ந்து உட்கார்ந்தால் மகிழ்வேன்.

திருத்துவதற்கு, உடலின் எந்தப் பகுதி எவ்வளவு விழுங்கும் என்று காட்டும் வரைபடம் வேண்டும். இரண்டு வகைக் கருவிகளும் பிரியும் இடம் இதுதான்.

டேவிட் டவுன்சென்டும் ரான் நட்டும் உருவாக்கிய முதல் பெட்-சி.டி. மாதிரிக் கருவி 1998இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேலை செய்யத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சந்தைக்கு வந்து, தனி பெட் கருவிகளையே ஓரங்கட்டிவிட்டது. உடல் எக்ஸ் கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்பதுதான் சி.டி.யின் வேலை என்பதால், அந்த அளவை 511க்கு மாற்றிக்கொண்டால் வரைபடம் தயார். இதிலும் கோளாறு உண்டு. செயற்கை மூட்டின் உலோகமும், நிறமூட்டும் மருந்தும் எண்ணைப் பொய்யாக உயர்த்தும். சி.டி. ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடும், பெட் பல நிமிடம் ஓடும். உதரவிதானம் இடையில் ஏறி இறங்குவதால் கல்லீரலின் உச்சியில் இருக்கும் கட்டி நுரையீரலில் இருப்பதுபோலத் தோன்றுவதும் நடக்கிறது.

முழு உடலையும் பெட், எம்.ஆர். இரண்டிலும் ஒரே நேரத்தில் படமெடுக்கும் கருவி 2010இல் ம்யூனிக்கில் நிறுவப்பட்டது. காந்தப்புலத்துக்குள் வழக்கமான ஒளிப்பெருக்கிக் குழாய்கள் வேலை செய்யாது என்பதால் குறைக்கடத்தி உணரிகளைப் பொருத்தினார்கள். பொறியியலின் பெரிய வெற்றி அது. ஆனால் எம்.ஆர். அளப்பது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை. காமா கதிர் எவ்வளவு விழுங்கப்படும் என்பதற்கும் அதற்கும் நேரடி உறவு கிடையாது. எலும்பு உடலிலேயே மிக அடர்த்தியானது, காற்று மிக லேசானது. சாதாரண எம்.ஆர். படத்தில் இரண்டும் கறுப்பு.

தொடக்கத்தில் இதற்குக் கண்ட வழி, உடலைக் காற்று, நுரையீரல், கொழுப்பு, மென்திசு என நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான மதிப்பைத் தருவது. எலும்பை மென்திசுவிலேயே சேர்த்துவிட்டார்கள். விழுங்கியதைக் குறைத்து மதிப்பிட்டால் திருத்தமும் குறையும். ஆகவே முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் உள்ள கட்டிகளின் எண் கீழே இறங்கியது. மண்டையோட்டுக்கு அருகே இருக்கும் மூளைப் புறணியிலும் அப்படியே. வயிற்றின் நடுவே இருக்கும் நிணநீர்க் கணுவில் அவ்வளவு பாதிப்பில்லை. கைகள் எம்.ஆரின் காட்சி வட்டத்துக்கு வெளியே போய்விடும்போது இன்னும் கொஞ்சம் பிழை சேர்ந்தது. பிறகு வந்த முறைகள் எலும்பின் மிகக் குறுகிய சமிக்ஞையைப் பிடித்தோ, பொதுவான எலும்பு மாதிரியைப் பொருத்தியோ இதைப் பெருமளவு சரிசெய்திருக்கின்றன.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. பெட்-எம்.ஆர். எண்ணை இத்தனை சதவீதம் கூட்டிக்கொண்டால் பெட்-சி.டி. எண் வந்துவிடும் என்பதற்கு வழியில்லை. எலும்பில் ஒரு விகிதம், ஈரலில் ஒரு விகிதம், நுரையீரலில் வேறொன்று. அடுத்தது, மென்பொருளைப் புதுப்பித்த பிறகு அதே அறையில் அதே பெயரோடு நிற்கும் கருவியும், அளவீட்டைப் பொறுத்தவரை, வேறு கருவிதான்.

3. சிறிய கட்டிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட் படம் இயல்பிலேயே மங்கல். சோதனைக்கு நாங்கள் பயன்படுத்தும் ஃபாண்டம் என்னும் பிளாஸ்டிக் தொட்டியில் 10, 13, 17, 22, 28, 37 மி.மீ. விட்டமுள்ள ஆறு கோளங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே செறிவில் மருந்தை நிரப்பினாலும் 37 மி.மீ. கோளம் உண்மை மதிப்பைக் காட்டும், 10 மி.மீ. கோளம் பழைய கணக்கீட்டு முறையில் பாதியளவுக்கே இறங்கிவிடுவது சகஜம். மங்கலைக் கணக்கில் எடுத்துத் திருத்தும் புதிய மென்பொருளில் அதே கோளம் பளிச்சென்று தெரியும். சில அளவுகளில் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும்.

இப்போது ஒரு நோயாளி பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்கு மாறுகிறார். கட்டி மருந்துக்குப் பணிந்து சுருங்கியிருக்கிறது. புதிய கருவியோ சின்னக் கட்டியை முழுப் பிரகாசத்தோடு காட்டுகிறது. எண் குறையவில்லை, கூடியும் இருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிட்டால்? குறைவைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இந்தப் பொய்யான நிலைப்பு அதைவிட ஆபத்தானது என்பது என் எண்ணம்.

எஸ்.யூ.வி. மேக்ஸ் என்பது கட்டிக்குள் மிகப் பிரகாசமான ஒரே ஒரு படப்புள்ளியின் மதிப்பு. இரைச்சலுக்கும் மென்பொருளுக்கும் மிக எளிதில் ஆட்படுவது அதுதான். ஒரு கன சென்டிமீட்டர் உருண்டையின் சராசரியான எஸ்.யூ.வி. பீக் நிதானமானது. இருந்தும் அறிக்கைகளில் மேக்ஸ்தான் ஆள்கிறது. சுட்டியை ஒருமுறை அழுத்தினால் வந்துவிடுகிறதே!

நீள அகல அளவும் இதற்கு விலக்கில்லை. கட்டியின் அளவு மாற்றத்தை மதிப்பிட 2009இல் வெளியான ரெசிஸ்ட் 1.1 விதிகள், தொடக்கத்தில் எந்த வகை ஸ்கேனில் அளந்தோமோ அதிலேயே பின்னரும் அளக்கச் சொல்கின்றன. பெட்டோடு சேர்த்து எடுக்கும் குறைந்த கதிரளவு சி.டி.யை, முழுத் தரமான சி.டி.க்குச் சமமாக இருந்தாலன்றி, அளவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கின்றன.

4. சேர்ந்து ஓடுவது வேறு, சமமாக இருப்பது வேறு

இனி என் முக்கிய வாதம். பெட்-எம்.ஆர். வந்தவுடன் உலகெங்கும் ஒரே வடிவத்தில் ஆய்வுகள் கிளம்பின. ஒரே நோயாளியை, ஒரே ஊசியில், முதலில் பெட்-சி.டி.யிலும் பிறகு பெட்-எம்.ஆரிலும் படமெடுப்பது. ஒவ்வொரு கட்டியின் இரண்டு எண்களையும் வரைபடத்தில் புள்ளியாக வைப்பது. புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி வரும். ஒட்டுறவுக் கெழு 0.9க்கு மேல். “இரு கருவிகளின் அளவீடுகளும் ஒப்பிடத்தக்கவை” என்று முடிவுரை. ம்யூனிக் குழுவினர் 2012இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வில் 32 நோயாளிகள் இருந்தார்கள். தொடக்க ஆய்வு என்ற அளவில் அவர்கள் சொன்னது நியாயம். ஒரு கருவி கண்ட கட்டியை இன்னொன்றும் காண்கிறதா என்பதே அப்போதைய முதன்மைக் கேள்வி, காண்கிறது என்பதே விடை. அந்த நிதானம் பின்னால் வந்த எல்லோரிடமும் இல்லை.

ஒரு கருவி எல்லாக் கட்டிகளுக்கும் சரியாக 20 சதவீதம் குறைத்தே காட்டுகிறது என்று வையுங்கள். 10ஐ 8 என்கிறது, 5ஐ 4 என்கிறது. ஒட்டுறவு எவ்வளவு? முழுமையான 1. இதைவிட உயர்ந்த ஒட்டுறவு கணிதத்தில் கிடையாது. முதல் ஸ்கேனை ஒன்றிலும் இரண்டாவதை மற்றதிலும் எடுத்த நோயாளிக்கோ, எதுவுமே மாறாமல் 20 சதவீதம் முன்னேற்றம்! அதுமட்டுமில்லை. எஸ்.யூ.வி. 2 முதல் 30 வரை பரந்து கிடக்கும் கட்டிகளைச் சேர்த்தால் அந்தப் பரப்பே ஒட்டுறவை உயர்த்திக் காட்டிவிடும். இருபதுக்கு மேல் இருப்பது இரண்டு கருவியிலும் பெரிதாகத்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வு எதற்கு?

மார்ட்டின் பிளாண்டும் டக்ளஸ் ஆல்ட்மனும் 1986இல் ‘லான்செட்’ இதழில் இதற்குத் தீர்வு சொல்லிவிட்டார்கள். இரண்டு முறைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை ஒவ்வொரு அளவீட்டுக்கும் கண்டுபிடியுங்கள். அந்த வித்தியாசங்களின் சராசரியையும், 95 சதவீத வித்தியாசங்கள் அடங்கும் ‘உடன்பாட்டு எல்லைகளையும்’ சொல்லுங்கள். அந்த எல்லை சிகிச்சை முடிவை மாற்றும் அளவுக்கு விரிந்திருக்கிறதா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். நாற்பது ஆண்டுகளாகக் கையில் இருக்கும் கருவி இது. இப்போதும் பல கட்டுரைகளில் பிளாண்ட்–ஆல்ட்மன் படம் உள்ளே எங்கோ இருக்கும், சுருக்கவுரையில் ஒட்டுறவுக் கெழுதான் நிற்கும்.

நேரம் என்ற சிக்கல் வேறு. ஒரே ஊசியில் இரண்டு ஸ்கேன் என்றால் ஒன்று பிந்தித்தான் ஆக வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் ஃபுளோரின் சிதைவதைக் கணக்கால் சரிசெய்துவிடலாம். உடலில் நடப்பதைச் சரிசெய்ய முடியாது. கட்டி மருந்தை மேலும் சேர்த்துக்கொண்டே போகிறது, ரத்தத்திலும் ஈரலிலும் அது வடிந்துகொண்டே வருகிறது. ஆக, எப்போதும் பெட்-சி.டி. முதலில், பெட்-எம்.ஆர். பின்னால் என்று எடுத்தால், காலதாமதம் கட்டியின் எண்ணை ஏற்றும், எலும்பைக் கணக்கில் கொள்ளாத திருத்தம் அதையே இறக்கும். இரண்டு பிழைகளும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று மறைத்துக்கொண்டால் கருவிகள் ஒத்துப்போவதுபோலத் தெரியும். பாதி நோயாளிகளுக்கு வரிசையை மாற்றி எடுத்தால் இந்த முடிச்சை அவிழ்த்துவிடலாம். அதற்கு இரண்டு கருவிகளும் காலியாக இருக்கும் நேரம் ஒத்துவர வேண்டும். அன்றாடப் பணி நடக்கும் மருத்துவமனையில் அது எவ்வளவு கடினம் என்பது எனக்கும் தெரியும்.

இன்னோர் அடிப்படை எண்ணையும் சொல்ல வேண்டும். கருவியே மாறவில்லை, சிகிச்சையும் தரவில்லை, சில நாள் இடைவெளியில் அதே நோயாளியை அதே கருவியில் இருமுறை எடுத்தால்கூட எண் அப்படியே வராது. வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் உருவாக்கிய கியூ.ஐ.பி.ஏ. என்னும் கூட்டமைப்பின் கணக்குப்படி, எல்லா விதிகளையும் கடைப்பிடித்து ஒரே கருவியில் எடுத்தாலும் எஸ்.யூ.வி. மேக்ஸ் 28 சதவீதம் குறைந்தால் அல்லது 39 சதவீதம் கூடினால்தான் உண்மையான மாற்றம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். தொடக்கத்தில் சொன்ன 10, 7.4 என்ற எண்களை இப்போது பாருங்கள். குறைவு 26 சதவீதம். ஒரே கருவியாக இருந்தாலும் அந்த மகனுக்கோ மகளுக்கோ உறுதி சொல்ல முடியாத எண் அது. இரண்டு கருவி என்னும்போது என்ன சொல்ல?

5. செய்யக்கூடியவை

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா என்றால், கூடும். மூன்று வழிகள் இருக்கின்றன. எதுவும் முழுமையானதில்லை.

முதல் வழி, அதே நோயாளி, அதே கருவி. ரிச்சர்ட் வாலும் அவருடைய சகாக்களும் பெட் ஸ்கேனுக்காக 2009இல் வகுத்த பெர்சிஸ்ட் விதிகள் இதை வலியுறுத்துகின்றன. ஊசிக்கும் ஸ்கேனுக்கும் உள்ள இடைவெளி முதல் முறைக்கும் அடுத்த முறைக்கும் 15 நிமிடத்துக்கு மேல் மாறக் கூடாது, மருந்தின் அளவு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஈரலின் மதிப்பும் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் கட்டியின் எண்களை ஒப்பிட முயலவே வேண்டாம் என்கிறார்கள். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது வழி, கருவிகளை ஒரு பொதுத் தரத்துக்குக் கொண்டுவருவது. பட்டணம் படிக்கும் உள்ளூர்ப் படிக்கும் அளவு மாறி, குத்தகை நெல் அளக்கும் களத்தில் சண்டை வந்த காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முடிவு கட்டியது ஒரு பொது அளவைதான். பெட் உலகில் அந்த வேலையை ஐரோப்பிய அணு மருத்துவச் சங்கத்தின் ‘ஏர்ல்’ திட்டம் 2010 முதல் செய்துவருகிறது. ஒவ்வொரு மையமும் அந்த ஆறு கோள ஃபாண்டத்தைத் தன் கருவியில் எடுத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கோளத்தின் மதிப்பும் குறித்த எல்லைக்குள் விழ வேண்டும். இதற்காகக் கூர்மையான புதிய கருவியின் படத்தை வேண்டுமென்றே சற்று மங்கலாக்கவும் நேரிடும். கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய கருவியை மங்கலாக்குவதா என்று நிர்வாகிகள் பதறுவார்கள். பதற வேண்டாம். ஸ்கேன் ஒன்றுதான். கண்ணால் பார்த்துக் கட்டியைத் தேட ஒரு கூர்மையான படம், அளப்பதற்கு ஒரு தரப்படுத்திய படம் என்று கணினியில் இருமுறை கணக்கிட்டால் முடிந்தது. நோயாளிக்குக் கூடுதல் கதிரியக்கம் எதுவும் கிடையாது. பெட்-எம்.ஆரில் எலும்புத் திருத்தத்தின் சிக்கலை இந்த ஃபாண்டம் காட்டிக்கொடுக்காது என்ற குறையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் தொட்டிக்குள் எலும்பு ஏது?

மூன்றாவது வழி, நோயாளியின் உடலையே அளவுகோலாக்குவது. லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு, 2009இல் பிரான்ஸின் தோவீல் நகரில் கூடிய வல்லுநர்கள் ஐந்து படிநிலைகளை வகுத்தார்கள். கட்டியின் பிரகாசத்தை மார்பு நடுப்பகுதியின் ரத்தத்தோடும் ஈரலோடும் ஒப்பிடுவது அதன் சாரம். ஈரலைவிட மிதமாகக் கூடுதல் என்றால் 4, மிகக் கூடுதல் என்றாலோ புதிய கட்டி தோன்றினாலோ 5. கட்டியும் ஈரலும் ஒரே நேரத்தில் ஒரே கருவியில் படமானவை என்பதால், எடையில் வந்த பிழை, கடிகாரப் பிழை, சிரிஞ்சுப் பிழை எல்லாம் இரண்டையும் ஒரே அளவில் தாக்கி, வகுக்கும்போது அடிபட்டுப் போகின்றன. ஊர் மாறிச் செல்லும் நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலை நான் பார்த்ததில்லை. ஆனால் ஈரல் பெரியது, கட்டி சிறியது. மங்கல் கட்டியை மட்டுமே பாதிக்கும். கூர்மையான மென்பொருளுக்கு மாறினால் 3 என்று இருந்தது 4 ஆகலாம். லிம்போமாவில் பல இடங்களில் சிகிச்சையின் திசையே அந்த ஒரு படியில் மாறுகிறது. எலும்புக் கட்டியின் பிழையும் ஈரலோடு அடிபடாது.

எனவே மருத்துவமனைகளையும் ஸ்கேன் மையங்களையும் நான் கேட்டுக்கொள்வது அதிகச் செலவில்லாத காரியம்தான். பெட் அறிக்கையின் தலைப்பிலேயே, கருவியின் பெயர், மென்பொருள் பதிப்பு, திருத்த முறை, நிறுத்துப் பார்த்த எடை, ரத்தச் சர்க்கரை, ஊசி போட்ட நேரம், ஸ்கேன் தொடங்கிய நேரம், ஈரலின் சராசரி மதிப்பு ஆகியவற்றை அச்சிடுங்கள். முந்தைய ஸ்கேன் வேறு கருவியில் எடுத்தது என்றால், சதவீதக் குறைவைக் கணக்கிட்டு எழுதாதீர்கள். “வேறு கருவியில் எடுக்கப்பட்டதால் எண்களை நேரடியாக ஒப்பிட இயலாது, ஈரலோடு ஒப்பிட்டால் நிலை இது” என்று ஒரு வரி எழுதுங்கள். ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஒப்பீட்டுக் கட்டுரையின் சுருக்கவுரையில் ஒட்டுறவுக் கெழு இருக்கும் இடத்தில் உடன்பாட்டு எல்லைகளை எழுதுங்கள்.

நோயாளிகளின் குடும்பத்தார் சிலரும் அவையில் இருப்பதாகச் சொன்னார்கள். முடிந்தவரை முதல் ஸ்கேன் எடுத்த இடத்திலேயே அடுத்ததையும் எடுங்கள். முடியாவிட்டால் பழைய அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், படங்கள் உள்ள குறுவட்டையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். படம் கையில் இருந்தால் புதிய மையத்தின் மருத்துவர் ஈரலையும் கட்டியையும் தானே மறுபடி அளந்து பார்க்க முடியும்.